மூணு எண்ணும் முன்னே நூறு! பத்மநாபபுரம் வந்த 3 கோடி ரூபாய் கார்

“எஞ்சினைக் காணோம் வே!”

பத்மநாபபுரம் அரண்மனை வாசலில் காலையிலேயே ஒரு கூட்டம். அரண்மனை திறக்க இன்னும் நேரம் கிடந்தது. ஆனால் அன்று யாரும் அரண்மனையைப் பார்க்கவில்லை. வெள்ளி நிறத்தில், தரையோடு தரையாகப் பதுங்கி நின்ற அந்தக் காரைத்தான் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

முன்பக்க மூடியைத் திறந்து காட்டினார் கார்க்காரர். உள்ளே ஒரு பெட்டி வைக்கிற குழிதான் இருந்தது. எஞ்சின்? பின்னால்!

போர்ஷே 911 டர்போ எஸ். ஆறு சிலிண்டர், 3,745 சி.சி., 650 குதிரை சக்தி. உச்ச வேகம் மணிக்கு 330 கிலோமீட்டர். விலை 3 கோடிக்கு மேல். கார்க்காரர் என் பழைய நண்பர். பெங்களூரில் தொழில். சொந்த ஊர் பார்க்க வந்தவர், “நீயே ஓட்டிப் பாரு” என்று சாவியை நீட்டிவிட்டார். எனக்குக் கை உதறியது.

துணைக்கு என் தாய்மாமா. நாகர்கோவில்–திருவனந்தபுரம் ரூட்டில் 31 வருஷம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். குனிந்து, உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டார். “பஸ்ஸிலே ஊரையே மேலே இருந்து பாத்தவன்லே நான். இதிலே நாய்க்கும் எனக்கும் ஒரே உயரமா இருக்கே!”

ஆமை நடை

தக்கலை தாண்டி வில்லுக்குறி வரும்வரை முன்னால் ஒரு மினி பஸ். பார்வதிபுரம் பாலம் ஏறும்போது பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு முந்திக்கொண்டு போனார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். காரின் மூக்கு கொஞ்சம் உயரும். மறந்தால் வயிறு உரசும். ஒரு இடத்தில் மறந்தேன். உரசியது! நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. முகம்தான் சொன்னது.

நவராத்திரிக்கு இதே ஊரிலிருந்து சரஸ்வதி அம்மன் யானை மேல் திருவனந்தபுரம் கிளம்புவாள். குமாரகோவில் முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் கூட வருவார்கள். வழியில் இரண்டு இரவு தங்கி, மூன்றாம் நாள் போய்ச் சேருவார்கள். தூரம் ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. இந்தக் கார் முழு வேகத்தில் போனால் பத்தே நிமிஷம். போகிற ரோட்டில் போனால்? மாமா கணக்குப்படி இரண்டு மணி நேரம். களியக்காவிளையில் மாட்டினால் அதற்கும் மேல்.

குடல் முதுகில் ஒட்டியது!

ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டி, காவல்கிணறு பக்கம் நான்கு வழிச் சாலை. இரண்டு பக்கமும் காற்றாலைகள். ரோடு காலி.

வண்டியை ஓரம் நிறுத்தி, கண்ணாடி பார்த்து, மிதித்தேன்.

மாமா வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார். “ஒண்ணு... ரெண்டு...” மூணு வாயிலிருந்து வரவில்லை. முள் நூறில் நின்றது! கம்பெனிக் கணக்கு 2.7 வினாடி. பொய்யில்லை. தலை பின்னால் போய் அப்பிக்கொண்டது. குடல் முதுகில் ஒட்டியது போல இருந்தது. ராட்டினத்தில் இறங்கும்போது ஒரு பயம் வருமே, அது படுக்கைவாட்டில் வந்தது. சத்தம் பெரிதாக இல்லை. அதுதான் அதிகம் பயமுறுத்தியது.

நூறோடு காலை எடுத்துவிட்டேன். 2018-ல் மத்திய அரசு வேக வரம்பை விரைவுச் சாலையில் 120 வரை உயர்த்தியது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பையே ரத்து செய்தது. 330 ஓடுகிற காருக்கு இந்த நாட்டில் ரோடும் இல்லை, சட்டமும் இல்லை!

அடுத்த நிமிஷம்தான் நடந்தது. நடுத்தடுப்பில் ஒரு சந்து. அதிலிருந்து ஒரு மொபெட், பின்னால் புல்லுக்கட்டு, நேரே குறுக்கே வந்தது. ஓட்டியவர் எங்களைப் பார்த்தார். தூரத்தில் வருகிறது என்று நினைத்திருப்பார். நூறில் ஒரு வினாடிக்கு 28 மீட்டர் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

பிரேக் பிடித்தேன். பீங்கான் பிரேக். பெல்ட் நெஞ்சை அறுக்க, கார் கோடு மாறாமல் நின்றது. புல்லுக்கட்டு நிதானமாகக் கடந்து போனது.

திரும்பிப் பார்த்தேன். மாமாவின் வலது கால் தரையை அமுக்கிக்கொண்டிருந்தது, அங்கே பிரேக் இருப்பது போல.

“மாமா, நீங்க கொஞ்சம் ஓட்டுறீங்களா?”

“வேண்டாம்லே மருமவனே. முப்பத்தொரு வருஷம் ஒருத்தன் மேலேயும் ஏத்தாம இறங்கியிருக்கேன்.”

நடிகர் அஜித் குமாரின் போர்ஷேயே 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயப் பயிற்சியில் தடுப்பில் மோதிச் சுழன்றது. அவர் காயமின்றி இறங்கினார். அவர் அணி அந்தப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. ஆனால் அது பந்தயத்துக்கென்றே போட்ட தடம். புல்லுக்கட்டு வராது.

திரும்பி வரும் வழியில் நாற்பதைத் தாண்டவில்லை. தக்கலை டீக்கடையில் பேச்சு கார்களைப் பற்றியே சுற்றியது. சச்சினுக்கு 2002-ல் ஷூமேக்கர் கையால் கிடைத்த பெராரியும், அதன் இறக்குமதி வரிக்காக எழுந்த சர்ச்சையும் வந்து போயின. 2013-ல் மறைந்த உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா, 1950-களில் வாங்கிய பென்ஸ் காரைக் கடைசிவரை கைவிடாமல் வைத்திருந்ததை ஒரு பெரியவர் சொன்னார்.

கடைப் பையன் மட்டும் காரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து கேட்டான்: “அண்ணாச்சி, லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?”

“ஊருக்குள்ள ஆறோ, ஏழோ.”

பையன் உதட்டைப் பிதுக்கினான். அதற்குள் நாகர்கோவில் பஸ் வந்து நின்றது. காரில் கொண்டு விடுகிறோம் என்று எவ்வளவோ சொன்னோம். மாமா கேட்கவில்லை. டிரைவர் சீட்டுக்குப் பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.