பட்டுப்புழு செய்த பூனை மருந்து



பட்டுப்புழு என்ன தரும்னு கேட்டா பட்டுன்னுதான் சொல்வோம். ஜப்பானில் அதே புழு மருந்தும் தந்திருக்கிறது. அதுவும் பூனைக்கு! எப்படின்னு சொல்றேன், பொறுமையாப் படிங்க.

ஒரு செல்லுக்குள் வைரஸ் புகுந்தால், அந்தச் செல் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியே விடும். ‘திருடன் வந்துட்டான், கதவைச் சாத்துங்க’ என்று பக்கத்து வீடுகளுக்குக் குரல் கொடுப்பது மாதிரி. உடனே பக்கத்துச் செல்கள் வைரஸ் பெருகாதபடி உஷாராகிவிடும். 1957-ல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மேன் என்ற இருவர் இதைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் உடம்பில் இது ஊறுவது ரொம்பக் கொஞ்சம். மருந்தாக்கணும்னா நிறைய வேணுமே!

இன்சுலினை பாக்டீரியாவில் செய்கிறார்கள். ஆனால் சில புரதங்களின் மேல் சர்க்கரைத் துணுக்குகள் ஒட்டியிருக்கும். சாதாரண பாக்டீரியாவுக்கு அந்த ஒட்டு வேலை வராது. பூச்சியின் செல்லுக்கு ஓரளவு வரும்.

இனிமேல்தான் வேடிக்கை. பட்டுப்புழுவைத் தாக்கும் ஒரு வைரஸ் உண்டு. புழு வீங்கி, தோல் கிழிந்து, பால் மாதிரி நீர் வடிந்து செத்துப்போகும். அந்த வைரஸ் வெயில் மழையைத் தாங்கிக் கிடக்க, விதைநெல்லுக்கு வைக்கோல் சுற்றிக் கோட்டை கட்டுவோமே, அப்படித் தன்னைச் சுற்றி ஒரு புரதக் கோட்டை கட்டிக்கொள்ளும். அந்தப் புரதம் மட்டும் ஏராளமாக உண்டாகும். ஆனால் புழுவின் உடம்புக்குள்ளேயே பரவுவதற்குக் கோட்டை தேவையில்லை. விஞ்ஞானிகள் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். கோட்டைக்கான ஜீனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்டர்ஃபெரான் ஜீனை வைத்தார்கள். வைரஸுக்கு வித்தியாசம் தெரியாது. கோட்டைக்குப் பதிலாகப் புழுவுக்குள் இன்டர்ஃபெரான் குவியும்!

1985-ல் மயேடா என்பவரின் குழு இப்படி மனித இன்டர்ஃபெரானைச் செய்து காட்டியது. பிறகு டோரே என்ற ஜப்பான் கம்பெனி பூனையின் ஜீனை எடுத்துக்கொண்டது. மாற்றிய வைரஸைப் புழுவுக்கு ஊசியாகப் போடுவார்கள். சில நாள் கழித்துப் புழுவை அமிலத்தில் ஊறவைத்தால் வைரஸ் செயலிழந்துவிடும். இன்டர்ஃபெரானுக்கு ஒண்ணும் ஆகாது. அதைச் சுத்தம் செய்தால் மருந்து. 1990-களில் ஜப்பானில் பூனைகளின் கலிசிவைரஸ் நோய்க்கு இது வந்தது. 2001-ல் ஐரோப்பாவில் நாய்க்குட்டிகளின் பார்வோ நோய்க்கும் அனுமதி கிடைத்தது. பூனைப் புரதம் நாய்க்கு எப்படின்னு கேக்குறீங்களா? நாயின் செல்லும் அந்தக் குரலைப் புரிந்துகொள்கிறது!

வாந்தியும் ரத்தப்பேதியுமாக ரெண்டு மூணு நாளில் சாகும் குட்டிகளை நம்ம தெருவிலும் பார்த்திருப்பீங்க. அதுதான் பெரும்பாலும் பார்வோ. இந்த ஊசியை 3 நாள் தொடர்ந்து போட்டால் சாவு குறைகிறது. ஆனால் விலை அதிகம். நம்ம குட்டிகளுக்கு நோய் வரும் முன்பே தடுப்பூசி போடுவதுதான் சரி என்பது என் கருத்து.

மருந்துக்காகப் புழு சாகிறதே என்பதுதான் எனக்கு உறுத்துது. பட்டுக்காகவும் கூட்டோடு வெந்நீரில்தான் போடுறாங்க. புழுவே வேண்டாம், பூச்சியின் செல்களை மட்டும் தொட்டியில் வளர்த்தால் போதும் என்ற முறையும் இருக்கு. 2013-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரு ஃப்ளூ தடுப்பூசியின் புரதம் அப்படிச் செய்ததுதான். அந்தச் செல்கள் எந்தப் பூச்சியுடையது தெரியுமா? 2018-லிருந்து நம்ம மக்காச்சோளத்தை மேய்கிற அதே படைப்புழு இனம்!