நின்ற நிலையில் நடுங்கும் எஞ்சின்

பழைய மோட்டார் வண்டி ஒன்றை விலைக்கு வாங்கச் செல்லுகிறோம். வர்ணம் பளபளக்கின்றது, ஆசனங்களில் கிழிசல் இல்லை. சாவியைத் திருப்பியதும் எஞ்சினும் கிளம்பிவிடுகின்றது. ஆனால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் ஸ்டியரிங் நடுங்குகின்றது. ஓட்டத்தில் இடையிடையே ஒரு தடுமாற்றம் கேட்கின்றது. "பிளக் மாற்றினால் சரியாகிவிடும்" என்கிறார் விற்பவர். அவர் சொல்வது மெய்யாக இருக்கலாம். எஞ்சினையே பிரிக்கவேண்டிய பெருங்கோளாறாகவும் இருக்கலாம். நம் சேமிப்பைக் கொடுக்குமுன் இவ்விரண்டையும் பிரித்தறிய வழி உண்டா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

வண்டி நின்றிருக்க, எஞ்சின் மட்டும் மெதுவாகச் சுழலும் நிலையை மெக்கானிக்குகள் ஐடிலிங் என்பர். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் அப்போது எஞ்சின் நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்றுவரை சுழலும். வேகமாக ஓடுங்கால் சுழற்சியின் உந்துதலே சிறு குறைகளை மறைத்துவிடும். மெதுவாகச் சுழலுங்கால் அம்மறைப்பு இல்லை. ஒரு சிலிண்டர் தன் பணியில் தவறினாலும் வண்டி முழுவதும் குலுங்கும். 1983 முதல் 2014 வரை உற்பத்தியான மாருதி 800 வண்டியில் மூன்றே சிலிண்டர்கள். அத்தகைய எஞ்சினுக்கு இயல்பாகவே சிறிது அதிர்வு உண்டு. ஆனால் அது ஒரே சீராக இருக்கும். நாம் தேடவேண்டியது சீரற்ற தடுமாற்றத்தையே.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே சோதனையைத் தொடங்குதல் வேண்டும். முன்னரே ஓட்டிச் சூடேற்றிவைத்த எஞ்சினில் சில குறைகள் வெளிப்படா. சாவியைத் திருப்பியதும், எஞ்சின் கிளம்புமுன், எஞ்சின் உருவம் பொறித்த எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும். கிளம்பியபின் அணைந்துவிட வேண்டும். இவ்விளக்கு உள்ள வண்டியில் அது எரியவே இல்லையெனில், எவரேனும் அதைத் துண்டித்திருக்கவும் கூடும். கார்புரேட்டர் வண்டிகளில் திருகு ஒன்றைத் திருப்பி, ஐடிலிங் வேகத்தை உயர்த்தி நடுக்கத்தை மறைப்பாரும் உளர். சுற்று எண்ணிக்கையைக் காட்டும் முள் ஆடாமல் நிற்க, வண்டி மட்டும் அதிர்ந்தால், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் தளர்ந்திருக்கலாம். இது பெருநோய் அன்று.

முள்ளும் ஆடினால், எஞ்சினுக்கு இன்றியமையாத காற்று, பெட்ரோல், தீப்பொறி, அழுத்தம் ஆகிய நான்கனுள் எது குறைந்தது என்று வினவ வேண்டும். ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய, எடையளவில் ஏறத்தாழ 15 பங்கு காற்று தேவை. வெடித்த ரப்பர் குழாய் வழியாகக் கணக்கில் வராத காற்று புகுந்தால் இவ்விகிதம் கெடும். ஐடிலிங்கில் எஞ்சின் இழுக்கும் காற்று மிகச் சிறிது. ஆதலின் சிறு கசிவும் பெருந்தீங்கு செய்யும். வேகம் கூடியதும் நடுக்கம் மறைந்தால் காற்றுக் கசிவையோ, அழுக்கேறிய த்ராட்டில் பகுதியையோ முதலில் ஐயுறலாம். கசிவு உள்ள இடத்தில் சீறும் ஒலி கேட்கும். அதைக் கண்டுபிடிக்கச் சூடான எஞ்சின்மீது பெட்ரோலைத் தெளித்தல் தீவிபத்துக்கு வழியாகும்.

வேகத்திலும் தடுமாற்றம் நீடித்தால், பிளக்குகளைக் கழற்றிப் பார்ப்பது நலம். முனை இளம்பழுப்பாக இருப்பின் எரிதல் செம்மையானது. உலர்ந்த கருமை பெட்ரோல் மிகுதியைக் காட்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருப்பின், எரியும் அறைக்குள் எண்ணெய் கசிகின்றது என்று பொருள். ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள வண்டியில் இரு காயில்களை இடம் மாற்றினால், கோளாறும் உடன் மாறுகின்றதா எனத் தெரியும். மாறினால் காயிலே குற்றவாளி. பிளக் வயர்களில் பல்லாயிரம் வோல்ட் பாய்வதால், எஞ்சின் ஓடும்போது அவற்றில் கைவைத்தல் கூடாது.

அண்மைக்கால வண்டிகளில் ஸ்கேனர் கருவி பெரிதும் உதவும். பி 0301 என்னும் குறியீடு முதல் சிலிண்டரிலும், பி 0302 இரண்டாவதிலும் எரிதல் தவறுவதை உணர்த்தும். ஆயினும் குறியீடு இடத்தைக் கூறுமேயன்றிக் காரணத்தைக் கூறாது. குறியீடே இல்லாமல், வண்டியின் தற்சோதனைகளும் முடிவுறாமல் இருப்பின், பழைய பதிவுகள் அண்மையில் அழிக்கப்பட்டனவோ என்று கேட்க வேண்டும்.

இறுதியாக அழுத்தச் சோதனை. ஒரு சிலிண்டரின் அழுத்தம் பிறவற்றினும் மிகக் குறைந்திருந்தால், அதனுள் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளப்பர். அழுத்தம் உயர்ந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்தது. உயராவிடில் வால்வையோ கேஸ்கெட்டையோ ஐயுற வேண்டும். இரண்டாயினும் எஞ்சினைப் பிரிக்கும் வேலையே.

குழாயும் பிளக்கும் சிறு செலவு. அவற்றை விலையில் கழித்துக்கொள்ளலாம். அழுத்தக் குறைவோ வண்டியின் மதிப்பையே மாற்றிவிடும். ஆதலின் நடுங்கும் வண்டிக்கு முன்பணம் கொடுக்குமுன், நமக்கு நம்பிக்கையான மெக்கானிக்கைக் கொண்டு அழுத்தத்தை அளந்துவிட வேண்டும். "முதலில் பணம், பிறகு சோதனை" என்று விற்பவர் வற்புறுத்தினால், அவ்வண்டியை விட்டு வருவதே நேயர்களுக்கு நாம் கூறும் யோசனை.