சென்னை – யாழ்ப்பாணம் வான்வழித் தொலைவு

சென்னை பன்னாட்டு வானூர்தி நிலையத்திற்கும் (மீனம்பாக்கம்) யாழ்ப்பாணம் பன்னாட்டு வானூர்தி நிலையத்திற்கும் (பலாலி) இடையிலான நேர்வான் தொலைவு சுமார் 355 கிலோமீட்டர் ஆகும். இது ஏறத்தாழ 220 மைல் அல்லது 192 கடல் மைல். நேரடி விமானத்தில் பயண நேரம் பொதுவாக ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி வரை ஆகும்.

தொலைவு

இரு நிலையங்களும் ஏறத்தாழ ஒரே நெடுங்கோட்டில் (கிழக்கு 80°) அமைந்துள்ளன. சென்னை நிலையம் வடக்கு 13° அகலாங்கிற்கு அருகிலும், பலாலி 9.8° அகலாங்கிலும் உள்ளன. ஆகவே யாழ்ப்பாணம் சென்னைக்கு நேர் தெற்கே உள்ளது எனலாம். இவற்றை இணைக்கும் நேர்கோடு கல்பாக்கத்தை அடுத்துக் கடலுக்குள் சென்று, கோடியக்கரைக்குக் கிழக்கே பாக்கு நீரிணையைக் கடக்கிறது. வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டின்படி விமானங்கள் இக்கோட்டிலிருந்து சற்று விலகிப் பறப்பதுண்டு.

பயண நேரம்

இத்தடத்தில் ஏடிஆர் 72 வகை விமானங்கள் பறக்கின்றன. இவ்வகை விமானத்தின் வேகம் மணிக்கு சுமார் 500 கிலோமீட்டர். இவ்வேகத்தில் 355 கிலோமீட்டரைக் கடக்க 43 நிமிடங்கள் போதும். ஆனால் கால அட்டவணையில் குறிக்கப்படுவது விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் நிற்பது வரையான நேரமாகும். ஓடுபாதைக்குச் செல்லுதல், மேலேறுதல், இறங்குதல் ஆகியவை இதில் அடங்கும். குறுந்தொலைவுப் பயணங்களில் இவற்றின் பங்கு அதிகம். இரு நாடுகளிலும் நேரம் ஒன்றே என்பதால் கடிகாரத்தை மாற்றத் தேவையில்லை.

கொழும்பு வழியான பயணம்

சென்னையிலிருந்து கொழும்பின் கட்டுநாயக்க நிலையம் சுமார் 645 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தாரை விமானங்கள் வேகமானவை என்பதால் இப்பயணமும் ஒன்றரை மணிக்குள் முடிகிறது. ஆனால் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியே சுமார் 400 கிலோமீட்டர் வடக்கே திரும்பி வரவேண்டும். பேருந்திலோ தொடருந்திலோ இதற்குப் பெரும்பாலும் ஒரு பகலோ ஓர் இரவோ கழிந்துவிடும். நேரடிச் சேவை இல்லாத ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தவர் சென்னைக்கு வந்து செல்ல இவ்வழியையே நம்பியிருந்தனர்.

வரலாறு

ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் சேவை 1947 டிசம்பர் 10 அன்று இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை (பலாலி) வழியாகச் சென்னைக்கு இயக்கப்பட்டது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் பலாலி படைத்தளமாகவே இருந்தது. போர் 2009 இல் முடிந்தபோதும் சென்னைக்கான சேவை உடனே தொடங்கவில்லை.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் பன்னாட்டு வானூர்தி நிலையமாகத் திறக்கப்பட்டது. அன்று அலையன்ஸ் ஏர் விமானம் சென்னையிலிருந்து வந்திறங்கியது. வழமையான சேவை நவம்பரில் தொடங்கியது. கோவிட் பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் நின்ற சேவை, 2022 டிசம்பர் 12 அன்று மீண்டும் தொடங்கியது. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோ நிறுவனமும் இத்தடத்தில் இணைந்தது. 2025 மார்ச்சில் இந்நிறுவனம் திருச்சிராப்பள்ளி – யாழ்ப்பாணம் சேவையையும் தொடங்கியது. இதன் நேர்வான் தொலைவு சுமார் 185 கிலோமீட்டர் மட்டுமே.