குடலை அவசரப்படுத்தாத மோட்டார்

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் பெரிய வயிற்று ஆபரேஷன் என்றால் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ வண்டி பிடிப்பதுதான் நெடுநாள் வழக்கம். சிறுவாச்சூரில் 2011-இல் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி வந்தது. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த 11 அரசுக் கல்லூரிகளில் அதுவும் ஒன்று. ஆபரேஷன் தியேட்டர் ஊருக்குப் பக்கத்தில் வந்ததும், அதற்குள் புழங்கும் சொற்களும் வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களின் காதுக்கு வந்து சேர்கின்றன. அவற்றில் ஒன்று: “குடலைச் சேர்க்க ஸ்டேப்ளர் போடணும்மா. அதுக்குத் தனியா செலவாகும்.”

கேட்பவர் மனத்தில் உடனே வந்து நிற்பது தாலுகா ஆபீஸ் மேசையில் கிடக்கும் ஸ்டேப்ளர்தான். தப்பில்லை. கம்பியைக் குத்தி, மறுபக்கம் வளைத்து, இரண்டைச் சேர்த்துப் பிடிப்பதுதான் இங்கேயும் வேலை. ஆனால் காகிதம் காய்ந்தது, எங்கும் ஒரே தடிமன், உயிரில்லாதது. குடல் ஈரமானது, இடத்துக்கு இடம் தடிமன் மாறுவது, ரத்தம் ஓடினால்தான் பிழைப்பது. இந்த வித்தியாசத்தைச் சமாளிக்கத்தான் இந்தக் கருவி நூறாண்டுக்கு மேலாக மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கடைசியாக அதில் மோட்டாரும் சென்சாரும் ஏறியிருக்கின்றன.

முதல் கருவி 1908-இல் புடாபெஸ்ட்டில் பிறந்தது. ஹூமேர் ஹூல்ட்ல் என்ற அறுவை நிபுணர் கேட்க, விக்டர் ஃபிஷர் செய்துகொடுத்தார். எடை சுமார் 3.6 கிலோ; பூட்டித் தயார் செய்யவே இரண்டு மணி நேரம் ஆகுமாம். பாரம் போனாலும் ஹூல்ட்லின் ஒரு முடிவு இன்றுவரை நிலைத்திருக்கிறது. கம்பியை அப்பளமாக நசுக்கக் கூடாது, ஆங்கில ‘B’ எழுத்தின் வடிவில் வளைக்க வேண்டும் என்பதே அது. அந்த எழுத்தின் இரண்டு வளையங்களுக்குள்ளும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் திறந்தே இருக்கும். அதனால் தைத்த ஓரம் அழுகாது. பிறகு 1920-களில் அதே நாட்டின் ஆலடார் பெட்ஸ் கருவியை இலேசாக்கினார். மாஸ்கோவில் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. 1958-இல் சோவியத் நாட்டுக்குப் போன அமெரிக்க அறுவை நிபுணர் மார்க் ராவிச், அங்கிருந்து ஒரு கருவியை வாங்கி வந்தார். தோட்டா மாற்றுவதுபோல் கார்ட்ரிட்ஜ் மாற்றும் கருவிகள் 1960-களில் அமெரிக்காவில் வந்ததற்கு அந்தப் பயணமே தொடக்கம்.

இன்றைய நீள்வகை ஸ்டேப்ளருக்கு இரண்டு தாடைகள். ஒன்றில் கார்ட்ரிட்ஜ், மற்றதில் கம்பியின் கால்களை வளைக்கும் குழிகள் கொண்ட தகடு. குடலை நடுவில் வைத்துத் தாடையை மூடி இயக்கினால், உள்ளே ஓர் ஆப்பு நகர்ந்து டைட்டானியக் கம்பிகளை வரிசையாக மேலே தள்ளும். பக்கத்துக்கு மூன்றாக ஆறு வரிசை. பின்னாலேயே ஒரு கத்தி வந்து மூன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே வெட்டிக்கொண்டு போகும். அறுத்த இரண்டு ஓரமும் அதே நொடியில் மூடிக்கொள்ளும். திசுவின் தடிமனைப் பொறுத்து கார்ட்ரிட்ஜின் நிறம் மாறும்: பொதுவாக மெல்லியதற்கு வெள்ளை, நடுத்தரத்துக்கு நீலம், தடித்ததற்குப் பச்சை. நீலத்தில் கம்பியின் கால் உயரம் சுமார் 3.5 மி.மீ.; வளைந்து மூடியபின் 1.5 மி.மீ. இந்த இரண்டு மி.மீ.க்குள்தான் எல்லாம் இருக்கிறது.

சிக்கல் தண்ணீரில். திசுவில் பெரும்பகுதி நீர். தாடை அழுத்தும்போது அந்த நீர் பக்கவாட்டில் விலகிப் போக நேரம் வேண்டும். விலகுவதற்குள் கம்பியை ஓட்டினால், கால்கள் சரியாக மடங்காமல் நிற்கும். அல்லது திசு கிழியும். அதனால் தாடையை மூடிவிட்டுப் பத்துப் பதினைந்து நொடி பொறுத்திருக்க அறுவை மருத்துவர்கள் பழகியிருக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு மூன்றாவது கேஸில் நிற்கும் ஒருவருக்குப் பதினைந்து நொடி நீளமானது. பொறுத்தபின் கைப்பிடியை பலமாக, பலமுறை அழுத்த வேண்டும். சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியில் கருவியின் தண்டு நீளம். இந்த முனையில் கை இறுகினால் அந்த முனை ஆடும். அந்தக் கைப்பிடிகள் பெரிய உள்ளங்கைகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை என்பது சிறிய கையுறை அணியும் மருத்துவர்களின், குறிப்பாகப் பெண்களின், நெடுநாள் குறை. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மோட்டார் வந்தது அந்த இடத்தில்தான். பொத்தானை அழுத்தினால் போதும். பேட்டரியில் ஓடும் மோட்டார் கத்தியை நகர்த்தும். கை இறுகாததால் முனையும் அதிகம் ஆடாது. எந்த மோட்டாரும் பாரம் கூடினால் கூடுதல் மின்சாரம் இழுக்கும். அதை அளந்தாலே எதிரே எவ்வளவு தடை என்று தெரிந்துவிடும். சில கருவிகளில் விசையை நேரடியாக அளக்கும் சென்சார்களும் உண்டு. மெட்ரானிக் நிறுவனத்தின் சிக்னியா ஸ்டேப்ளர், அளந்த விசையைக் கொண்டு மூன்று வேகங்களில் ஒன்றைத் தானே தேர்ந்தெடுக்கும்; தடித்த திசு என்றால் மெதுவாகப் போகும். ரோபோவில் பொருத்தும் ஷ்யூர்ஃபார்ம் ஒரு நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அளப்பதாக அதன் நிறுவனம் சொல்கிறது. அழுத்தம் போதவில்லையென்றால் நின்று, பொறுத்து, பிறகு நகரும். என் பார்வையில் இந்தப் பொறுமைதான் சென்சாரின் உண்மையான லாபம். பலம் தருவது இரண்டாம்பட்சம்.

பாதுகாப்புக்கும் சில ஏற்பாடுகள் உண்டு. காலியான கார்ட்ரிட்ஜை அப்படியே ஓட்டினால் கத்தி வெட்டும், தைக்கக் கம்பி இருக்காது. அதைத் தடுக்கப் பூட்டு இருக்கிறது. கார்ட்ரிட்ஜில் உள்ள சிப்பைப் படித்து, அது எந்த வகை என்று சொல்லும் கருவிகளும் வந்துவிட்டன. பாதி வழியில் மோட்டார் நின்றால் கத்தியைக் கையால் பின்னிழுக்கவும் வழி வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் தெரிந்த கருவிக்கு ஒன்று தெரியாது: அந்தக் குடலுக்கு ரத்தம் வருகிறதா என்பது. அதற்குத் தெரிவது விசை மட்டுமே. நான்குவழிச் சாலை விபத்தில் அடிபட்ட குடல், மாடு குத்திய வயிறு, முறுக்கிக்கொண்டு ஒரு நாள் கழித்து வந்த குடல் ஆகியவற்றின் சுவர் வீங்கித் தடித்திருக்கும். அங்கே பல மருத்துவர்கள் ஸ்டேப்ளரை ஒதுக்கிவிட்டு ஊசி நூலைத்தான் எடுப்பார்கள். ஒவ்வொரு தையலிலும் இழுப்பைக் கூட்டிக் குறைக்கக் கைக்குத்தான் முடியும். சிறுகுடலையும் வலப்பக்கப் பெருங்குடலையும் சேர்ப்பதில் ஸ்டேப்ளர் போட்டால் இணைத்த இடத்தில் கசிவு குறைவு என்று ஆய்வுத் தொகுப்புகள் காட்டின. மலக்குடல் பக்கம் அப்படியொரு தெளிவான மேன்மை தெரியவில்லை. ஆகவே கைத்தையல் தெரியாமல் ஸ்டேப்ளர் மட்டும் பழகிய மருத்துவர் அரைகுறைதான்.

கருவியும் தவறும். 2011 ஜனவரி முதல் 2018 மார்ச் வரை அறுவை ஸ்டேப்ளர்கள் பற்றி 41,000-க்கு மேற்பட்ட புகார் அறிக்கைகள் வந்ததாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-இல் தெரிவித்தது. அவற்றில் 366 மரணங்கள் பற்றியவை. எல்லாவற்றுக்கும் கருவியே காரணம் என்று பொருளல்ல. ஆனாலும் உடலுக்குள் பயன்படும் ஸ்டேப்ளர்களை அந்த அமைப்பு 2021-இல் கூடுதல் கண்காணிப்பு வகைக்கு மாற்றியது.

செலவு தனிக் கதை. ஒரு கார்ட்ரிட்ஜ் ஒரு முறைதான், விலை ஆயிரக்கணக்கில். ஒரு ஆபரேஷனுக்குச் சில நேரம் நான்கைந்து தேவைப்படும். குஜராத்தின் வாபியில் உள்ள மெரில் போன்ற இந்திய நிறுவனங்களும் ஸ்டேப்ளர் தயாரிக்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைக்கு ஒரு தொகுப்புத் தொகை வைத்துத்தான் பணம் தருகிறது. அதனால் எத்தனை கார்ட்ரிட்ஜ் போடுவார்கள், அது காப்பீட்டில் அடங்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். உள்ளே தங்கும் கம்பியைப் பற்றிக் கவலை வேண்டாம். டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது, பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் ஆபரேஷன் ஆனதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

கவலைப்பட வேண்டியது கசிவைப் பற்றி. சர்க்கரை நோய், புகைப்பழக்கம், சத்துக் குறைவு இருந்தால், எந்தக் கருவி போட்டாலும் அதற்கான வாய்ப்பு கூடும். வீட்டுக்கு வந்தபின்கூட அது தலைகாட்டலாம். காய்ச்சல், வயிறு உப்பி வலிப்பது, நெஞ்சு படபடப்பு, வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் வாயு என்று நினைத்து வேப்பந்தட்டையிலோ ஜெயங்கொண்டத்திலோ வீட்டில் படுத்திருக்காதீர்கள். டிஸ்சார்ஜ் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கு அன்றே போய்விடுங்கள்.