பெற்றதைப் பிறர்க்களித்தல்

யாழ்ப்பாணத்துக்கு நேர் மேற்கே, கடலுக்கு அப்பால், இராமநாதபுரக் கரையிலே தொண்டி என்னும் துறை இருக்கின்றது. வணிகத்தின் பொருட்டும் உறவின் பொருட்டும் இரு கரையாரும் இக்கடலைப் பல நூற்றாண்டுகளாகக் கடந்து வந்துள்ளனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர் சிலர் வேறொரு நோக்கத்துடன் அக்கரையை நோக்கினர். தாம் ஏற்றுக்கொண்ட சமயத்தின் நற்செய்தியை அங்குள்ளோர்க்கு அறிவிக்க வேண்டுமென எண்ணித் தம்முள்ளிருந்தே ஊழியரைத் தெரிந்தெடுத்து, தம்மிடையே பணஞ் சேர்த்து, அவர்களைத் தொண்டிப் பகுதிக்கு அனுப்பினர். முயற்சி அளவிற் சிறியதே. ஆயினும், அதைக் கண்ணுற்ற ஓர் இளைஞரின் வாழ்வை அது வேறொரு வழியிலே திருப்பியது.

அவ்விளைஞர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. பிற்காலத்தில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதலாவது இந்திய அத்தியட்சராக விளங்கியவர் இவரே. அவர் வாழ்வை ஆராய்வோர்க்கு ஒரு வினாவுக்கு விடை கிடைக்கும். சமய நம்பிக்கை ஒவ்வொருவர் உள்ளத்துக்கும் உரியதன்றோ? அதைப் பிறருக்கு எடுத்துச் சொல்வதையே வாழ்வின் பயனாகக் கிறிஸ்தவர் பலர் கருதுவது ஏன்? இதுவே அவ்வினா.

இயேசுநாதர் தம் சீடருக்கு இட்ட கட்டளையிலே இதன் வேர் இருக்கின்றது. அக்கட்டளை முதலிற் சொந்த நகரையும், பின்னர் அயல் நாட்டையும், இறுதியில் உலகத்தின் எல்லைகளையும் சுட்டுகின்றது. அருகிலுள்ளவனை விட்டுத் தூரத்திலுள்ளவனிடம் ஓடுவதும் அதற்கு ஏற்றதன்று. அருகிலுள்ளவனோடு நின்றுவிடுவதும் ஏற்றதன்று. நற்செய்தி என்பது தன் முயற்சியால் ஈட்டிய பொருளன்று, இறைவன் இலவசமாய் அளித்த கொடை என்பது கிறிஸ்தவர் கொள்கை. ஆதலால், அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளும் உரிமை எவர்க்கும் இல்லை என்பது அக்கொள்கையிலிருந்தே பிறக்கும் முடிபாகும்.

யாழ்ப்பாணத்திலே இக்கொடை வந்து சேர்ந்த வழிகள் பல. அவற்றுள் ஒன்று அமெரிக்க மிஷன். அம்மிஷனைச் சேர்ந்தோர் 1816ஆம் ஆண்டிற் குடாநாட்டில் தம் பணியைத் தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரியும், 1824இல் உடுவிலிற் பெண்கள் விடுதிப் பாடசாலையும் நிறுவப்பெற்றன. மானிப்பாயிலே மருத்துவப் பணி வளர்ந்தது. இவற்றால் விளைந்த நன்மையை மறுப்பவர் இலர். எனினும், எண்பது ஆண்டுகளுக்கு மேலாக யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர் பெறுவோராகவே இருந்தனர். ஆசிரியர் வந்தனர், பணம் வந்தது, நூல்கள் வந்தன. தொண்டிக்கு ஊழியரை அனுப்பத் துணிந்தபோதுதான் பெறுவோர் கொடுப்போராயினர். அம்முயற்சியின் உண்மையான சிறப்பு இதுவே.

அசரியா 1874ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரிலே பிறந்தவர். அவருடைய தந்தையார் கிறிஸ்து மதத்தைத் தழுவிக் குருவாகப் பணியாற்றியவர். தந்தையார் காலமானபின் தாயாரின் கண்டிப்பான வளர்ப்பிலே கல்வி கற்ற அசரியா, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்றார். 1895ஆம் ஆண்டு முதல் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராய் ஊர் ஊராகச் சென்று இளைஞர்க்கு உரையாற்றி வந்தார். 1898இல் அன்பு மாரியம்மாள் என்னும் கல்வியறிவு மிக்க பெண்மணியை மணந்தார். ஊரார் கண்ணுக்குக் குறையேதும் இல்லாத வாழ்வு அது.

1902ஆம் ஆண்டில் அவர் யாழ்ப்பாணம் வந்தார். இங்குள்ள கிறிஸ்தவர் தம் சொந்தப் பொறுப்பிலே கடல் கடந்து ஊழியரை அனுப்பி ஆதரிக்கும் செய்தி அவர் உள்ளத்தைச் சுட்டது. திருநெல்வேலித் திருச்சபையோ நூற்றாண்டு கடந்த திருச்சபை, தொகையாலும் பெரியது. அத்தகைய திருச்சபை தன் எல்லைக்கு வெளியே ஒருவரையேனும் தன் செலவில் அனுப்பியதில்லை என்பதை அவர் நாணத்தோடு நினைந்தார். ஊர் திரும்பியபின் நண்பரோடு கலந்து முயன்றதன் பயனாக, 1903ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆந் திகதி பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரிச் சங்கம் தோன்றியது. ஊழியர், பணம், நிருவாகம் ஆகிய மூன்றும் இந்தியருடையனவாகவே இருத்தல் வேண்டும் என்பது அச்சங்கத்தின் கோட்பாடு. 1905ஆம் ஆண்டு நத்தார்த் தினத்தன்று வங்காளத்துச் செராம்பூரிலே இந்தியா முழுமைக்குமான தேசிய மிஷனரிச் சங்கம் உருவானபோதும் அசரியா அதன் முன்னணியில் நின்றார்.

திருநெல்வேலிச் சங்கம் தெரிந்தெடுத்த களம் ஐதராபாத்து நிஜாமின் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல். தமிழருக்கு அது அயல்நாடு போன்றதே. மொழி தெலுங்கு, உணவும் வழக்கமும் வேறு. அங்கே செல்லுமாறு பிறரைத் தூண்டிவந்த அசரியாவின் மனத்தை ஒரு கேள்வி வருத்தலாயிற்று. பிறரைப் போகச் சொல்லும் நான் ஏன் போகவில்லை என்பதே அக்கேள்வி. சங்கச் செயலாளர் பதவி மதிப்பும் வசதியும் உடையது. அதனைத் துறந்து, குருப்பட்டம் பெற்று, 1909ஆம் ஆண்டில், முப்பத்தைந்தாம் வயதில், அவர் தோர்ணக்கலுக்குச் சென்றார். தெலுங்கை அரிச்சுவடியிலிருந்து கற்றார். மாட்டுவண்டியிலே கிராமம் கிராமமாகப் பயணஞ் செய்தார்.

அடுத்த ஆண்டு, 1910இல், ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1200 பிரதிநிதிகள் வந்திருந்தனர். அவர்களுள் ஆசியர் இருபது பேர் கூட இல்லை. அவ்வவையிலே பேச எழுந்த அசரியா, மேல்நாட்டு மிஷனரிமாரின் தியாகத்தை முதலிற் போற்றினார். பின்னர், அவர்களுட் பலர் இந்திய ஊழியரைச் சமமாக நடத்துவதில்லை என்றும், தம் வீட்டில் ஒருவேளை உணவுக்குக்கூட அழைப்பதில்லை என்றும் வெளிப்படையாகக் கூறினார். ஏழைகளுக்கு உங்கள் உடைமையைத் தந்தீர்கள், உயிரையும் தந்தீர்கள், எங்களுக்கு நண்பர்களையும் தாருங்கள் என்னும் கருத்துப்பட அவர் உரையை முடித்தபோது, கேட்டோருட் சிலர் சினந்தனர், சிலர் தலைகுனிந்தனர். நற்செய்தியை மேலிருந்து கீழே இடும் பிச்சையாகக் கொடுத்தலாகாது. நண்பன் நண்பனுக்குக் கொடுப்பது போலவே கொடுக்கவேண்டும் என்ற உண்மையை ஆசியர் ஒருவர் உலகிற்கு உணர்த்திய நாள் அது.

1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆந் திகதி கல்கத்தாவிலே அசரியா அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். இந்தியர் ஒருவர்க்கு அப்பதவியை அளித்தலை ஐரோப்பியர் சிலர் எதிர்த்தனர். திருநெல்வேலியிலும் எதிர்ப்பு இருந்தது. அவற்றுக்கு அவர் தம் பணியாலே விடையிறுத்தார்.

தோர்ணக்கலில் அவரை நாடி வந்தோருட் பெரும்பாலோர் மாலர், மாதிகர் எனத் தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட சமூகத்தினர், நிலமற்ற கூலிகள். அவர்களுக்கு ஞானஸ்நானம் அளிக்கும்போது அசரியா ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டார். ஒவ்வொருவரும் தம் தலைமீது தாமே கையை வைத்து, நற்செய்தியைப் பிறருக்குக் கூறுவது தம் நீங்காக் கடமை என்று சொல்லவேண்டும். ஊர்க்கூட்டத்திலே வாய்திறக்க இடமின்றி, தெருவிலே ஒதுங்கி நடந்த ஒரு கூலி, தன் வாயாற் சொல்வதற்கும் உலகிற்கு ஒரு செய்தி உண்டு என்று அன்று அறிந்தான். எழுத்தறியாத பெண்ணும் தன் அயல்வீட்டாளுக்குத் தான் பெற்றதைச் சொல்லலாம். நம்பிக்கையைப் பகிர்தலால் மனிதர்க்கு வாழ்வின் நோக்கம் பிறக்கின்றது என்று சொல்லப்படுவதன் பொருள் இங்கேதான் தெளிவாகின்றது. கேட்பவன் பெறுவதைப் போலவே சொல்பவனும் ஒன்றைப் பெறுகின்றான். தானும் பயனுள்ளவன் என்ற உணர்வே அது. அவர் காலத்தின் இறுதியில் தோர்ணக்கல் மறைமாவட்டத்துக் கிறிஸ்தவரின் தொகை இரண்டு இலட்சத்தைக் கடந்திருந்தது. அப்பெருக்கத்துக்கு அத்தியட்சரின் பிரசங்கங்களைக் காட்டிலும் இக்கிராமத்தாரின் வாய்ச்சொல்லும் மாறிய நடத்தையுமே காரணமாயின.

இதன் மறுபக்கத்தையும் நோக்குதல் நேர்மையாகும். 1930களில் மகாத்மா காந்தி இத்தகைய கூட்டு மதமாற்றங்களைக் கண்டித்து எழுதினார். வறுமையுற்றோரின் இன்னலைப் பயன்படுத்தி மதம் மாற்றுதல் தகாது என்பதும், ஒருவன் தன் சமயத்தை வாழ்ந்து காட்டினாற் போதும் என்பதும் அவர் கருத்து. அசரியா இக்கண்டனத்தை இலேசாக எண்ணவில்லை. ஆனால், ஒடுக்கப்பட்டோர்க்கும் ஆன்மா உண்டு, தாமே ஆராய்ந்து தெரியும் அறிவும் உண்டு, அவர்கள் தெரிந்தெடுத்த வழியை மறுக்கும் உரிமை பிறர்க்கில்லை என்பதில் அவர் உறுதியாய் நின்றார். அதே வேளையிற் சட்டசபையிலே கிறிஸ்தவர்க்கெனத் தனித்தொகுதி வேண்டுமென்ற கோரிக்கையையும் அவர் எதிர்த்தார். ஆள்தொகையை அரசியல் வலிமையாக மாற்றிக்கொள்ளும் வாய்ப்பைத் தாமே வேண்டாமென்றவரை, தலையெண்ணுவதற்காக மதம் பரப்பியவர் என்று சொல்லுதல் இயலாது. இவ்விரு பெரியாரின் கருத்துவேற்றுமை இன்னும் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. சொல்லும் உரிமையும், கேட்டபின் ஏற்கவோ மறுக்கவோ உள்ள சுதந்திரமும் ஒன்றையொன்று விட்டு நில்லா என்பதை மட்டும் அது நமக்கு உணர்த்துகின்றது.

1939இல் தோர்ணக்கலிற் பிரதிட்டை செய்யப்பெற்ற பேராலயத்தைக் கண்டோர் அசரியாவின் மனத்தைக் கண்டோராவர். இந்துக் கோயிற்றூண்களை ஒத்த தூண்களும், முஸ்லிம் கட்டடங்களை நினைவூட்டும் கவிமாடங்களும் அதில் அமைந்துள்ளன. கிறிஸ்தவனாவதற்குத் தன் நாட்டின் அழகைத் துறக்கவேண்டுவதில்லை என்பதை அக்கல்லே சொல்லுகின்றது.

1945ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி அசரியா தோர்ணக்கலிலேயே காலமானார். பிரிந்து கிடக்கும் திருச்சபைகள் ஒன்றாகாமல் உலகம் தம் செய்தியை நம்பாது என்று வாழ்நாள் முழுதும் உழைத்த அவர், அவ்வொற்றுமையைக் காணவில்லை. தென்னிந்தியத் திருச்சபை 1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 27ஆந் திகதியே உதயமாயிற்று. அதிலே தோர்ணக்கலும் ஒரு மறைமாவட்டம். அமெரிக்க மிஷனால் உருவான யாழ்ப்பாணத்துத் திருச்சபையும் ஒரு மறைமாவட்டம். அதன் முதல் அத்தியட்சராக சபாபதி குலேந்திரன் அமர்ந்தார். மாசச்சுசெற்சிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும், யாழ்ப்பாணத்திலிருந்து தொண்டிக்கும், அங்கிருந்து திருநெல்வேலியார் உள்ளத்துக்கும், அவர்களால் தோர்ணக்கலுக்கும் சென்ற கொடை ஒரு சுற்றாகிப் புறப்பட்ட இடத்துக்கே மீண்டது.

தொண்டிக்கு ஊழியரை அனுப்பப் பணஞ் சேர்த்த யாழ்ப்பாணத்தார் இவற்றுள் எதையும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். தம்மால் இயன்ற சிறிய தொகையை ஈந்து, அருகிலிருந்த கரையை நோக்கினர், அவ்வளவே. பெற்றதை ஒருவன் தன் அயலானுக்கு அன்போடு அளிக்கும்போது, அது எவ்வெல்லைவரை செல்லும் என்பதை அவன் அறிய வேண்டியதில்லை. கொடுப்பது ஒன்றே அவன் கடன்.