மனிதனுக்கு வாரிசு இயந்திரமா?

மனிதனைவிடக் கெட்டிக்கார இயந்திரம் வந்துவிட்டால் மனிதகுலம் ஒதுங்கி வழிவிட வேண்டுமா? கேள்வி பழையது. நீராவி எஞ்சின் காலத்திலேயே, 1863-இல், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகர நாளிதழ் ஒன்றுக்கு எழுத்தாளர் சாமுவேல் பட்லர் கடிதம் எழுதினார்: தனக்கு அடுத்து ஆளப்போகும் இனத்தை மனிதன் தன் கையாலேயே உருவாக்கிக்கொண்டிருக்கிறான். இயந்திரங்களை அழித்துவிடுங்கள் என்றார் அவர். 1988-இல் 'மைண்ட் சில்ட்ரன்' நூலை எழுதிய ரோபோ ஆய்வாளர் ஹான்ஸ் மொராவெக் நேர் எதிர்க்கட்சி. இயந்திரங்கள் நம் அறிவுக்குப் பிறந்த பிள்ளைகள்; பிள்ளைகளிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு விலகுவதில் வருத்தம் எதற்கு என்பது அவர் வாதம். கணினி அறிவியலுக்கான 2024-ஆம் ஆண்டின் டூரிங் விருதை ஆண்ட்ரூ பார்ட்டோவுடன் பகிர்ந்துகொண்ட ரிச்சர்ட் சட்டனும், இந்த வாரிசு மாற்றம் தவிர்க்க முடியாதது, அஞ்ச வேண்டியதில்லை என்கிறார்.

தவிர்க்க முடியாதது எப்படி வந்து சேரும் என்பதை அத்திபெலேயில் பார்க்கலாம். ஓசூரைத் தாண்டினால் பெங்களூருக்கு வாசல் அதுதான். அங்குள்ள சுங்கச்சாவடியில் முன்பு வண்டியிலிருந்து ரூபாய் நோட்டு நீளும். கூண்டுக்குள்ளிருந்து ரசீதும் சில்லறையும் வரும், சில நேரம் சில்லறைக்குப் பதில் மிட்டாய் வரும். 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் தேசிய நெடுஞ்சாலைகளில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. இல்லாத வண்டிக்கு அப்போது இரட்டிப்புக் கட்டணம். இப்போது கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரை மேலிருக்கும் கருவி படிக்கிறது, தடுப்புக் கட்டை தானாக எழுகிறது. சில்லறை எண்ணியவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. லாரிக்காரர்களுக்கு என்னவோ நிம்மதிதான்.

ஆனால் இங்கே போனது ஒரு வேலை. சாலை யாருக்காகப் போடப்பட்டதோ அவர்கள் போகவில்லை. நாமக்கல் லாரி ஓட்டுநரும், எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகும் ஓசூர்க்காரரும் அதே சாவடியைத்தான் கடக்கிறார்கள். மொராவெக் கட்சி கேட்பதோ, வண்டியில் இருப்பவரையும் இறக்கிவிட வேண்டும் என்பது. காலி வண்டிகள் வேகமாக ஓடினால் யாருக்கு என்ன லாபம்? வாரிசாக வரும் இயந்திரத்துக்குள் இன்பமும் வலியும் உணரும் ஒருவர் இருப்பார் என்று இதுவரை யாரும் நிரூபித்ததில்லை.

திறமையில் தோற்பதும் இடத்தை இழப்பதும் ஒன்றல்ல. 1997 மே மாதம் டீப் புளூ கணினியிடம் உலக சதுரங்க சாம்பியன் காஸ்பரோவ் தோற்றார். இன்று கைப்பேசியில் ஓடும் செஸ் நிரலே உலக சாம்பியனைத் தோற்கடிக்கும். அதனால் சதுரங்கம் நின்றுவிடவில்லை. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் 18 வயது குகேஷ் உலக சாம்பியன் பட்டம் வென்றபோது சென்னை கொண்டாடியது.

வாரிசு என்ற சொல்லும் இங்கே சரியாகப் பொருந்தவில்லை. பிள்ளைக்குச் சொத்தை எழுதிவைப்பது அவன் பிள்ளை என்பதால். பக்கத்து வீட்டுப் பையன் கெட்டிக்காரன் என்பதற்காக யாரும் நிலத்தை அவன் பெயருக்குப் பத்திரம் பண்ணிக் கொடுப்பதில்லை. அதிலும் இந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட, 800 கோடிப் பேர் சார்பில் எந்த ஆய்வகத்துக்கும் அதிகாரம் கிடையாது.

ஆபத்து ஆய்வகங்களுக்குத் தெரியாததல்ல. செயற்கை நுண்ணறிவால் மனித இனமே அழியும் ஆபத்தைக் குறைப்பது, பெருந்தொற்று, அணு ஆயுதப் போர் ஆகியவற்றுக்கு இணையான உலகளாவிய முன்னுரிமை என்று 2023 மே 30 அன்று ஓர் அறிக்கை வெளியானது. செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஜெஃப்ரி ஹிண்டனோடு, ஓபன்ஏஐயின் சாம் ஆல்ட்மேன், கூகுள் டீப்மைண்டின் டெமிஸ் ஹசாபிஸ் ஆகியோரும் அதில் கையெழுத்திட்டார்கள். அந்த இரு நிறுவனங்களும் முன்பைவிடப் பெரிய இயந்திர மூளைகளை அதன் பிறகும் வெளியிட்டு வருகின்றன.