உம் கொட்ட ஓர் ஆள்

பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓடும் கொட்டகைக்குள் நுழைந்தால் முதலில் காது அடைத்துக்கொள்ளும். சாதாரணப் பேச்சு 60 டெசிபல் அளவில் இருக்கும். தறிக்கூடத்து இரைச்சல் 90 டெசிபலை எளிதாகத் தாண்டிவிடும். அதற்காக உள்ளே வேலை செய்கிறவர்கள் ஊர்க்கதை பேசாமலா இருக்கிறார்கள்? காதருகே வந்து கத்தலாம், கையால் காட்டலாம், உதட்டைப் பார்த்தும் புரிந்துகொள்ளலாம். இங்கிலாந்தில் லங்காஷயர் நெசவாலைகளில் வேலை பார்த்த பெண்கள், உதட்டசைவைப் பெரிதாக்கிப் பேசுவதை ஒரு கலையாகவே வளர்த்து, அதற்கு ‘மீ-மாயிங்’ என்று பெயரும் வைத்திருந்தார்கள்.

இந்த இரைச்சலில் முதலில் அடிபடுவது, கேட்பவர் வாயிலிருந்து வரும் மெல்லிய ‘உம்’. பாட்டி கதை சொல்லும்போது நாம் உம் கொட்டுவதை நிறுத்தினால், “தூங்கிட்டியா?” என்று கேட்டுக் கதையை நிறுத்திவிடுவாள். பிள்ளை விழித்திருக்கிறதா என்று பார்க்க அவள் வைத்த சோதனை என்றுதான் பலரும் நினைக்கிறோம். அந்த ‘உம்’முக்கு அதைவிடப் பெரிய வேலை இருக்கிறது.

1970இல் விக்டர் இங்வி என்ற அமெரிக்க மொழியியலாளர், ஒருவர் பேசும்போது எதிரே இருப்பவரிடமிருந்து வரும் ‘உம்’, ‘ஓஹோ’, தலையாட்டல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘பின்வழி’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். பேச்சு ஒரு வழியில் போகிறது; அதே நேரம் இன்னொரு வழியில் சிறுசிறு சேதிகள் திரும்பி வந்துகொண்டே இருக்கின்றன. இந்தப் பின்வழியை அடைத்தால் என்ன ஆகும்?

கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் பவேலஸும் அவருடைய குழுவினரும் அதைச் செய்து பார்த்து 2000இல் வெளியிட்டார்கள். முன்பின் அறியாத இருவரை எதிரெதிரே உட்காரவைத்தார்கள். ஒருவர், தன் வாழ்க்கையில் மயிரிழையில் தப்பிய ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். கேட்பவர்களில் சிலருக்கு மட்டும் ரகசியமாக ஒரு வேலை: கதையில் ‘டி’ (T) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் சொல் வரும்போதெல்லாம் மறைவாக ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். காது முழுக்கச் சொல்பவரிடம்தான். மனம் கதையில் இல்லை.

அப்படிக் கேட்டவர்களிடம் தலையாட்டலே குறைந்துபோனது. கதையின் அந்தந்த இடத்துக்கென்று வரும் முகச்சுளிப்பும் ‘ஐயையோ’வும் ஏறக்குறைய மறைந்தே போயின. பாதிப்பு கேட்டவரோடு நிற்கவில்லை. சொன்னவர்களின் கதையே கெட்டுப்போனது, அதுவும் உச்சக்கட்டத்தில். சிலர் சட்டென்று முடித்தார்கள். சிலர் முடிவையே சுற்றிச் சுற்றிச் சொன்னார்கள். சிலர், இது ஏன் பயங்கரமான சம்பவம் என்று விளக்கம் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். நகைச்சுவையைச் சொல்லிவிட்டு ‘இதில் சிரிப்பு எங்கே என்றால்’ என்று அவரே விளக்குவதைப் போன்ற பரிதாபம் அது. இத்தனைக்கும் அது அவர்கள் நேரில் அனுபவித்த கதை!

பேச்சும் பதிலும் மாறி மாறி வரும் வேகமும் வியப்பானது. டான்யா ஸ்டைவர்ஸும் உடன் ஆய்வாளர்களும் பத்து மொழிகளில் கேள்விக்கும் பதிலுக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்து 2009இல் வெளியிட்டார்கள். எல்லாம் சேர்ந்த சராசரி, விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு சொல்லை நினைத்து வாய்க்குக் கொண்டுவரவே மூளைக்கு அரை விநாடிக்கு மேல் வேண்டும். அப்படியென்றால் எதிராளி பேசி முடிப்பதற்குள்ளேயே நாம் பதிலைத் தயார் செய்துவிடுகிறோம், அவர் எங்கே முடிப்பார் என்பதையும் முன்கூட்டிக் கணித்துவிடுகிறோம். கைப்பேசியில் சத்தம் சற்றே தாமதமாக வந்தால் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பேசி, “சொல்லுங்க, நீங்க சொல்லுங்க” என்று தடுமாறுவது இந்தக் கணக்கு பிசகுவதால்தான்.

ஆய்வகம் வருவதற்கு முன்பே நம் கலைஞர்கள் இதை அறிந்திருந்தார்கள். வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொன்னதும் ‘ஆமா’ போடுவதற்கென்றே பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருப்பார். தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையே குறுக்குக் கேள்வி கேட்பான். எல்லைக்கு அந்தப் பக்கம் தெலுங்கு புர்ரகதையில் கதை சொல்பவருக்கு இரு புறமும் இருவர் நின்று, ஒருவர் கேலி செய்ய, மற்றவர் நாட்டு நடப்பைச் சொல்லி இடைமறிப்பார். பொதட்டூர்பேட்டை இருக்கும் பள்ளிப்பட்டு, திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்றும் இரண்டு மொழியும் புழங்கும் சீமை அது. பாட்டிகள் இரண்டு மொழியிலும் உம் கொட்டச் சொல்வார்கள். ஆயிரம் பேர் எதிரே இருந்தும் பதில் சொல்ல நம் கலைஞர்கள் ஒருவரைக் கூலி கொடுத்து மேடையிலேயே வைத்தார்களே, அந்தச் சாமர்த்தியத்தை நான் எந்தப் பாடப்புத்தகத்துக்கும் ஈடாக வைப்பேன்.

ஏனென்றால் ஆயிரம் பேர் இருக்கும் இடத்தில்தான் பதில் வராது. 1968இல் அமெரிக்காவில் ஜான் டார்லியும் பிப் லாட்டானேயும் ஒரு சோதனை செய்தார்கள். தனித்தனி அறைகளில் மாணவர்கள், இன்டர்காம் வழியே பேச்சு. திடீரென்று ஒரு குரல் வலிப்பு வந்ததுபோல் திணறுகிறது. கேட்பது தான் மட்டுமே என்று நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் அந்தக் குரல் அடங்குவதற்குள் உதவிக்கு ஓடினார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியபோது அது 31 விழுக்காடாகிவிட்டது. யாராவது சொல்வார்கள் என்று எல்லோரும் இருந்துவிடுகிறார்கள். “எல்லாருக்கும் சம்மதம்தானே?” என்று கேட்டால் கிராம சபை மௌனமாக இருப்பதும் ஓரளவு இதனால்தான். பயம், சாதி, பகை எல்லாம் அதற்கு மேல்.

பதில் வராததற்குக் கேள்வி கேட்பவரின் அவசரமும் ஒரு காரணம். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ வகுப்பறைகளைப் பதிவு செய்து கேட்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்த பிள்ளைக்குத் தாவினார்கள், அல்லது தாமே விடை சொன்னார்கள். அதை மூன்று விநாடியாக்கியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, ‘தெரியாது’கள் குறைந்தன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். செலவில்லாத சீர்திருத்தம். ஆனால் கேள்வி கேட்டுவிட்டு மூன்று விநாடி சும்மா நிற்பது எவ்வளவு சிரமம் என்பது நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்த முறை வகுப்பிலோ சங்கக் கூட்டத்திலோ கிராம சபையிலோ ஒலிவாங்கி உங்கள் கைக்கு வந்தால், “ஏதாவது கேள்வி இருக்கா?” என்று பொதுவில் கேட்காதீர்கள். ஒருவர் முகத்தைப் பார்த்து, “உங்க தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணி வருது?” என்பதுபோல் அவரால் மட்டுமே சொல்லக்கூடியதைக் கேளுங்கள். மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். அவர் பேசத் தொடங்கியதும் கைப்பேசியைப் பார்க்காமல், சத்தமாக உம் கொட்டுங்கள்.